லிப்ரே ஒபிஸில் பழைய பாமினி ஆவணங்கள் குழம்பித் தெரிந்தால்

வணக்கம். கிளிநொச்சியில் விண்ணப்பம், திருவிழா நோட்டீஸ் ரைப் பண்ணும் கடை என்றும், கள்ள மைக்ரோசொஃப்ட் ஒபிஸால் வைரஸ் வந்து, அதற்குப் பதிலாக இலவசமான லிப்ரே ஒபிஸ் போட்ட பிறகு பழைய ஆவணங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன என்றும் எழுதியிருந்தீர்கள்.

பயப்படாதீர்கள், ஒன்றும் அழியவில்லை. பாமினி என்ற பழைய எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் போட்டுக் காட்டுவது, அதனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்று அடித்த இடத்தில் நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியும் நிற்கும். பாமினியை நிறுவி லிப்ரே ஒபிஸை மூடித் திறவுங்கள், சரியாகிவிடும்.

புதிதாக அடிப்பதை, தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு உள்ள யூனிகோடில் அடியுங்கள், அதற்கான ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு பாமினியோடு கிட்டத்தட்ட ஒன்றுதான், கை பழகிவிடும். பழையதை, பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டு மாற்றும்போது மட்டும் கவனம்: பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் வரும் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தை அது ‘ஏ’ ஆக்கிவிடும், ‘எக்ஸ்’ என்றால் ‘ஓ’. பிரதேச செயலகத்துக்குப் போகிற கடிதத்தில் அப்படிப் போனால் ஆளைத் திருப்பி அனுப்புவார்கள்.

லிப்ரே ஒபிஸில் யூனிகோடுக்கான எழுத்துருவை, தமிழ் அடங்கும் சிக்கலான எழுத்து அமைப்புக்கான பெட்டியில் தனியாகத் தெரிவு செய்ய வேண்டும், மேலைநாட்டு எழுத்துக்கான பெட்டியில் மாற்றினால் தமிழ் அசையாது.

மற்ற வேலைகளுக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு: நோட்டீஸ் வடிவமைக்க ஸ்கிறைபஸ் அல்லது இங்க்ஸ்கேப், பாஸ்போட் படத்துக்கு கிம்ப். போட்டோஷொப் பழகிய கைக்கு கிம்ப் முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். அச்சகத்துக்கு பிடிஎஃப் ஆக்கியே கொடுங்கள்.