தெம்பான ஆடு கிடாதான் போடுமா?

கேள்வி: சம்பா அறுவடை முடிந்து எங்கள் வயலில் ஆட்டுக்கிடை போட்ட கீதாரி (மந்தை மேய்ப்பவர்), "தெம்பான ஆடு கிடா போடும், மெலிஞ்சது பொட்டை போடும்" என்றார். உண்மையா டாக்டர்?
– நீடாமங்கலம் வாசகர்

பதில்: இதே பேச்சை 1973-ல் ராபர்ட் டிரிவர்ஸும் டான் வில்லார்டும் அறிவியல் கட்டுரையாகவே எழுதினார்கள். காட்டு ஆடுகளில் முட்டிமோதி ஜெயிக்கிற சில கிடாக்கள்தான் பெரும்பாலான பெட்டைகளோடு சேரும். நோஞ்சான் கிடாவுக்கு வாரிசே இருக்காது. பெட்டை நோஞ்சானாக இருந்தாலும் ஒன்றிரண்டு குட்டியாவது போட்டுவிடும். அதனால் பால் வளமுள்ள தாய்க்குக் கிடா லாபம், வற்றிய தாய்க்குப் பெட்டை லாபம்.

கணக்கு அழகுதான். காடு அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் செம்மான்களைக் கவனித்தவர்கள், கூட்டத்தில் கை ஓங்கிய பெண்மான்கள் ஆண்குட்டி அதிகம் போட்டதாக 1984-ல் எழுதினார்கள். மான்கள் பெருகித் தீவில் மேய்ச்சல் நெருக்கடியானதும் அந்த வித்தியாசம் மறைந்தே போனது. கனடாவின் ராம் மலையில் பெருங்கொம்புச் செம்மறிகளைப் பிடித்துப் பிடித்து எடை போடுகிறார்கள், 1970-களிலிருந்து. அங்கேயும் எடையை மட்டும் வைத்துக் குட்டியைச் சொல்லிவிட முடியவில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஒரு பங்குனி ராத்திரி, மன்னார்குடிப் பக்கம் ஒரு கிடையில் பிரசவம் பார்க்கப் போனேன். இடுப்பெலும்பு துருத்திய ஆடு. குட்டியின் முன்னங்கால் ஒன்று மடங்கிக் கிடந்தது. நேராக்கி இழுத்தால் கொழுகொழு கிடா! கீதாரி அதைத் துடைத்துக் குட்டிகளை அடைக்கும் குடாப்புக்கூண்டுக்குள் விட்டுக்கொண்டே, "இது கணக்குல வராது சார்" என்றார்.

ஏன் வராது? செம்மறிக்குச் சினை ஐந்து மாதம். ஆணா பெண்ணா என்பது கருத்தரிக்கும்போதே, அதுவும் கிடாவின் விந்தணுவால், முடிந்துவிடுகிறது. (மருமகளைக் குறை சொல்லும் மாமியார்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்கவும்.) தாயின் உடம்புக்கு அதில் பங்கு உண்டென்றால், அந்த நாளில் அவள் இருந்த நிலைதான் கணக்கு. பங்குனியில் ஈன்றவள் ஐப்பசியில் சினைப்பட்டவள். தஞ்சாவூர் வெயிலில் அறுத்த வயலின் நெல்தாள் கடித்து மெலிவதற்கு முன்னால், மந்தையின் சொந்த ஊரான ராமநாதபுரத்து மழைப்புல்லில் வயிறு நிறைய மேய்ந்துகொண்டிருந்தாள்.

அடுத்த தடவை உங்கள் கீதாரி ஏதாவது ஆட்டைக் காட்டினால், ஐப்பசியில் அது எங்கே மேய்ந்தது என்று கேளுங்கள். எந்தக் கண்மாய்க்கரை, எத்தனை மழை என்பதுவரை சொல்வார்.