மகளை யாரும் ஒதுக்கவில்லை, ஆனாலும் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறாள்?

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்ட் பிள்ளைகள் சாயங்காலம் விளையாடும்போது ஒரு பையனை மட்டும் "நீ ஆட்டத்துக்கு இல்ல, போ" என்று விரட்டிவிடுகிறார்கள். என் 5 வயது மகளை நன்றாகத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அதைப் பார்த்ததிலிருந்து வீட்டுக்கு வந்தால் என்னை விட்டு நகர மாட்டேன் என்கிறாள், அந்தக் கூட்டத்தில் பெரியவளாக இருக்கும் பெண் நடப்பது, பேசுவது எல்லாவற்றையும் அப்படியே செய்கிறாள். அந்தப் பையனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. இவளுக்கு இரக்கமே இல்லையா?

பதில்: இரக்கம் இல்லாமல் இல்லை, பயந்திருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அடுத்தவனுக்கு நடப்பதைப் பார்த்தாலே போதும், தன்னையும் ஒருநாள் இப்படித் தள்ளிவிடுவார்களோ என்ற பதற்றம் இந்த வயதில் வந்துவிடும். ஜெர்மனியில் லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹாரியட் ஓவர், மலிண்டா கார்ப்பெண்டர் இருவரும் 5 வயதுப் பிள்ளைகளுக்குச் சின்ன வீடியோக்களைக் காட்டினார்கள். அதில் மனிதர்களே கிடையாது, வெறும் வடிவங்கள்தான். ஒன்று மட்டும் கூட்டத்தில் சேர வருகிறது, மற்றவை விலகிப் போகின்றன, அவ்வளவுதான் கதை. அப்புறம் ஒரு பெரியவர் ஏதோ ஒரு வேலையைச் செய்து காட்டியபோது, இந்த வீடியோவைப் பார்த்த பிள்ளைகள், ஒதுக்குதல் இல்லாத வீடியோவைப் பார்த்தவர்களைவிட அவரை அச்சாகப் பின்பற்றினார்கள். 2009இல் வெளியான ஆய்வு இது. பின்னால் வந்த இன்னொன்றில், இப்படிப் பார்த்த பிள்ளைகள் தன்னையும் நண்பரையும் படமாக வரையும்போது இருவரையும் நெருக்கமாக நிற்க வைத்து வரைந்தார்கள். உங்கள் மகள் உங்களை ஒட்டிக்கொள்வதும் அந்தப் பெண்ணைப் பார்த்துச் செய்வதும் இதே ரகம்தான்.

அதனால் "ஏன் சும்மா பார்த்துட்டு நின்ன?" என்று கேட்காதீர்கள், பயத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துவிடும். ராத்திரி படுக்கும்போது, "அவனைச் சேர்த்துக்காதப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று சாதாரணமாகக் கேளுங்கள், பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஒட்டிக்கொள்ள வந்தால் தள்ளிவிடாதீர்கள். கூட்டத்தை எதிர்த்துப் பேசு என்று 5 வயதுப் பிள்ளையை அனுப்புவது நியாயமே இல்லை, அது பெரியவர்கள் வேலை. அவளால் முடிந்தது அவன் பக்கத்தில் போய் உட்காருவது, ஒரு பந்தை அவன் பக்கம் உருட்டிவிடுவது, அவ்வளவு போதும்.

நீங்களே ஒருநாள் கீழே இறங்கிப் போய் ஆட்டத்தை மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்துத் தெரு ஆட்டத்தில் சின்னப் பிள்ளையை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்களே, அவுட் ஆனாலும் கணக்கில்லை என்று (பெயர்தான் நன்றாக இல்லை, ஏற்பாடு அருமை), அந்த மாதிரி ஏதாவது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அவளும் அவனைப் பார்த்து "நீ இல்ல" என்று சொல்ல ஆரம்பித்தால், கூட்டத்தின் முன்னால் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டு அங்கேயே உறுதியாக நிறுத்துங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப் பள்ளிக்கூடம் போகவும் அழுதால், குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், அந்தப் பையனின் அம்மாவிடமும் பேசிவிடுங்கள். அவருக்கு இது தெரியாமலே இருக்கலாம்.