குமிழுக்கு வெப்பநிலையைத் திட்டுவதற்கு முன்னால் ஷெல்ஃபைப் பாருங்கள்

இரண்டு அடுக்குக் கண்ணாடியைச் சூளையில் உருக்கி ஒட்டினால் நடுவில் பெரிய குமிழ் வருகிறது, எத்தனை டிகிரியில் நிறுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று நான்கு துண்டுகளைப் பாழாக்கிவிட்டு சூளையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை முறைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

டிகிரிக்கு அப்புறம் வருகிறேன். நான் செய்தது 30 செ.மீ. சதுரத் தட்டு, 3 மி.மீ. கண்ணாடி இரண்டு அடுக்கு. முதல் தடவை சூளையைத் திறந்தால் நடுவுக்குச் சற்று இடப்பக்கம் தவளைத் தொண்டை மாதிரி உப்பி நிற்கிறது. விசாரித்தவர்கள் எல்லாரும் ‘மெதுவாகச் சூடேற்று’ என்றார்கள். ஏற்றினேன், உப்பியது. இன்னும் மெதுவாக ஏற்றினேன், அப்போதும் உப்பியது. நான்காவது தடவை வெடித்தே விட்டது; ஓட்டையைச் சுற்றிக் காகிதம் போல மெல்லிய சில்லுகள். கண்ணாடிதான் மட்டரகம் என்று விற்றவரிடம் சண்டை வேறு போட்டேன்.

பிறகுதான் உறைத்தது: நான்கு தடவையும் குமிழ் அதே இடத்தில். ஷெல்ஃபை, அதாவது சூளைக்குள் கண்ணாடியைத் தாங்கும் பலகையை, அரை வட்டம் திருப்பி வைத்து இன்னொரு சூளை போட்டேன். குமிழ் வலப்பக்கம் போயிற்று! இரும்பு ஸ்கேலை ஷெல்ஃப் மேல் நிறுத்திப் பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரிகிறது. கண்ணாடி ஒட்டாமலிருக்க ஷெல்ஃபில் பூசும் கில்ன் வாஷ் பழசாகிவிட்டதென்று அதைக் கத்தியால் வெறிபிடித்தாற்போலச் சுரண்டி அந்தப் பள்ளத்தைத் தோண்டியதே நான்தான். பள்ளத்தில் சிக்கிய காற்று, மேலே கண்ணாடி இளகியதும் முட்டிக்கொண்டு எழும்பியிருக்கிறது. இப்போது சூடு தாங்கும் இழைத் தாளான ஃபைபர் பேப்பரை 1 மி.மீ. கனத்தில் விரித்து அதன்மேல் வைக்கிறேன், காற்று அதன் வழியே வெளியேறிவிடுகிறது. (கண்ணாடி விற்றவர் முகத்தில் இன்னும் முழிக்கவில்லை.)

உங்கள் துண்டைப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு அடுக்கும் சேர்ந்து தூக்கியிருந்தால் காற்று அடியிலிருந்து வந்தது. கில்ன் வாஷ் ஈரம் காயாமல் இருந்தாலும் இப்படி ஆகும். மேல் அடுக்கு மட்டும் உப்பியிருந்தால் இடையில் சிக்கியது. கண்ணாடிப் பட்டைகளை நாலுபக்கமும் அடைத்து வைத்து மேலே ஒரு கண்ணாடியைப் போட்டால் காற்றுக்கு ஏது வாசல்? ஒரு இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் நிறமற்ற கண்ணாடித் தூளை இடையில் தூவுங்கள். பொடிக் குமிழ்கள் சில வரும், அதற்கு நான் பொறுப்பில்லை.

சரி, டிகிரி. 600 டிகிரி செல்சியஸிலிருந்து 670 வரை மணிக்கு 30 டிகிரி வீதம் ஏற்றி, அங்கே முக்கால் மணி நேரம் நிறுத்துகிறேன். கண்ணாடி தன் எடையால் படியத் தொடங்கும், ஓரம் இன்னும் ஒட்டியிருக்காது, காற்று வெளியேற அதுதான் நேரம். அப்புறம் 800, பத்து நிமிடம். அதற்கு மேல் போகப் போகக் கண்ணாடி இளகி, சிக்கிய காற்றுக்கு எழும்புவது சுலபமாகிறது. இது என் சூளைக் கணக்கு. சூட்டை அளக்கும் உங்கள் தெர்மோகப்பிள் பத்து டிகிரி தள்ளிக் காட்டலாம், ஆகவே அனுபவசாலிகள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒற்றை அடுக்கை மட்டும் இந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். முழுதாக உருகும்போது கண்ணாடி 6 மி.மீ. கனத்துக்குத் திரளப் பார்க்கும். 3 மி.மீ. துண்டு ஓரத்தில் தடித்து நடுவில் மெலியும், மெலிந்த இடத்தில் அடிக்காற்று புகுந்துவிடும்.

‘குமிழ்தான் கைவேலைக்கு அழகு’ என்று ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அப்படிச் சொன்ன உறவினர் ஒருவர் என் மூன்றாவது தட்டை ‘சும்மாதானே கிடக்கிறது’ என்று எடுத்துப் போனார். அடுத்த வாரம் போன் செய்து, குமிழ் இல்லாமல் ஒன்று கிடைக்குமா என்கிறார். மின்கட்டணம் யார் கட்டுவது?

முதலில் ஷெல்ஃபைத் திருப்பி வைத்து ஒரு சூளை போடுங்கள். குமிழ் எந்தப் பக்கம் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள்.