குடும்பத்தின் பாட்டு ஆசையைத் துணியில் எப்படிக் கொண்டுவருவது?

"எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாட்டு என்றால் உயிர். அதை ஒரு தையல் வேலையாகச் செய்து சுவரில் மாட்ட ஆசை. எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இலங்கையின் வடக்கே, முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் இருக்கிறேன். இதே ஆசையோடு தொடங்கி, முதலில் பிழையான வழியில் மூன்று மாதம் போனேன். வீணைப் படம் ஒன்றைச் சங்கிலித் தையலில் போட்டேன். வடிவாகத்தான் வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் யாருமே வீணையைத் தொட்டதில்லை. அப்பப்பா கோவலன் கூத்துக்கு மத்தளம் அடித்தவர். அப்பா மிருதங்கம். மாமி அயல் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை, அதாவது கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடம், சொல்லிக்கொடுத்தவர். அந்த வீணையில் இவர்களில் ஒருவரும் இல்லை.

ஆகவே என் பதில் இதுதான்: வாத்தியத்தின் படத்தைத் தைக்காதீர்கள், உங்கள் வீட்டுப் பாட்டின் கணக்கைத் தையுங்கள்.

2009இல் போரில் இடம்பெயர்ந்தபோது மிருதங்கம் வழியில் விடுபட்டுப் போனது. அம்மாவின் சேலைப் பை மட்டும் கடைசிவரை கூடவே வந்தது. செட்டிகுளம் முகாமில் அப்பா தண்ணீர்க் கானைக் கவிழ்த்து வைத்து ஆதி தாளம் தட்டுவார். நாங்கள் சுற்றியிருந்து விரல் எண்ணுவோம். எனக்கு அந்த எண்ணிக்கையும் அந்தச் சேலைகளும் வேண்டியிருந்தன.

ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. முதலில் ஒரு தட்டு, மூன்று விரல். பிறகு தட்டு, வீச்சு (உள்ளங்கையை மேலே திருப்புவது), தட்டு, வீச்சு. எட்டுச் சதுரத்தை ஒரு வரிசையாக இணைத்தேன். தட்டு வரும் இடமெல்லாம் அப்பாவின் கருநீலச் சாரத் (லுங்கி) துணி. வீச்சுக்கு வேட்டி வெள்ளை. மூன்று விரலுக்கும் அம்மாவின் பச்சைச் சேலையில் வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று துண்டு. கூத்தில் சல்லரி (கைத்தாளம்) போடுகிறவர்களை நினைத்து, நீலச் சதுரம் ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை மணி வைத்துத் தைத்தேன். இப்படி எட்டு வரிசை.

மாமிக்கு ராகம் வைக்க வேண்டும். சரளி வரிசை தொடங்குவது மாயாமாளவகௌளை ராகத்தில். ஒரு ஸ்தாயியில், அதாவது கீழ் 'ச'வில் இருந்து மேல் 'ச' வரை, 12 ஸ்வரஸ்தானம் (ஸ்வரம் நிற்கும் படி) இருக்கிறதல்லவா, ஒவ்வொன்றையும் ஒரு அங்குலமாக எடுத்துக்கொண்டேன். இந்த ராகத்தில் கீழ் சட்ஜத்தில் ('ச') இருந்து மேல் சட்ஜம் வரை ஸ்வரங்களுக்கு இடையில் உள்ள தூரம் 1, 3, 1, 2, 1, 3, 1. அந்த அகலத்தில் ஏழு பட்டி வெட்டி இணைத்தால் சரியாக 12 அங்குலம் வரும். தைத்து முடித்துத் துணியைத் திருப்பிப் பிடித்தபோதுதான் கண்டேன்: இந்தப் பக்கம் இருந்து எண்ணினாலும் அந்தப் பக்கம் இருந்து எண்ணினாலும் ஒரே அளவு! இத்தனை வருடம் வீட்டுக்குள் கேட்ட ராகம், இப்படிச் சமமாக நிற்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. மோகன ராகத்தையும் தைத்துப் பாருங்கள். 2, 2, 3, 2, 3. அது வேறு நடை, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

வெட்டும்போது ஒவ்வொரு பட்டிக்கும் இரண்டு பக்கமும் கால் அங்குலம் கூட விடுங்கள், அது தையலுக்குள் போய்விடும். அதாவது 1 அங்குலப் பட்டிக்கு ஒன்றரை, 3 அங்குலத்துக்கு மூன்றரை. பழைய சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, நைந்த இடத்தைத் தள்ளிவிடுங்கள். கரையும் தலைப்பும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். சாயம் போகுமா என்பதை வெட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும்: ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்தி எடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிறம் நிற்கும் என்று சொல்வார்கள், அதை நம்பி இருக்க வேண்டாம். கறை பிடித்தால் அந்தத் துணியை வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

வீட்டில் கூத்துப் பாட்டோ, அருவி வெட்டுப் (நெல் அறுவடை) பாட்டோ பாடுகிறவர்கள் இருந்தால் அவர்களைப் பாடச் சொல்லி, கை எங்கே தட்டுகிறது என்று பக்கத்தில் இருந்து எண்ணி எழுதுங்கள். அந்த எண்ணிக்கையே உங்கள் வரைபடம்.

முடித்ததும் கொடியில் போட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். என்ன இது என்று நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வலது கை தானாகத் தொடையில் தட்டத் தொடங்கியது, கண் வரிசை வரிசையாக இறங்கியது. ஆறாவது வரிசையில் கை நின்றது.

"பிள்ளை, இதில வீச்சு ஒண்டு இல்லை. ரெண்டு தட்டு அடுத்தடுத்து வருது."

பார்த்தேன். வெள்ளை வர வேண்டிய இடத்தில் நீலம் இருந்தது. அன்று இரவே பிரித்து, வேட்டித் துண்டை வைத்துத் தைத்தேன்.