5,000 வெள்ளியில் பழைய ஹைலக்ஸ்: வின்ச்சா, டயரா?

தம்பி, தோட்டத்தில் ஓடிய பழைய டீசல் ஹைலக்ஸ் பிக்கப், கையில் 5,000 வெள்ளி, சேற்றுப் போட்டிக்கு முதலில் வின்ச்சா (சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் இயந்திரம்) டயரா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை, சேசிஸ்தான், அதாவது வண்டியின் அடிச்சட்டம். எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் உரமூட்டை ஏற்றிய வண்டிகளில், சேசிஸில் பின்பக்க ஸ்பிரிங் மாட்டும் இடத்தை துரு உள்ளிருந்தே தின்னும். சுத்தியலால் தட்டுங்கள். 'பொத்'தென்று கேட்டால் வெல்டிங்குக்கே பாதிப் பணம் போய்விடும்.

அப்புறம் டிஃப்ரென்ஷியல் (அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) எண்ணெய். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான அச்சு ஆற்றில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியே தண்ணீரை இழுக்கும். சீலை மாற்றி, பிரீதரில் (அச்சு காற்று வாங்கும் துளை) ஒரு ரப்பர் குழாய் மாட்டி பானட் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். நான் சோம்பல்பட்டு இதைச் செய்யாமல் விட்டு, பேரிங் கெட்டு அழுதேன்.

டயர் செகண்ட் ஹேண்ட் போதும், பக்கச் சுவரில் வெடிப்பு இல்லாமல் பாருங்கள். எஞ்சின் மாற்றுவதென்றால் முதலில் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) விசாரியுங்கள். வின்ச் பிறகு, இப்போதைக்கு சேசிஸில் போல்ட் போட்ட நல்ல இழுவைக் கொக்கி இரண்டு.