தோற்காதவர் மட்டும்தான் நாயகரா?

கேள்வி: திரைப்படங்களிலும் கார்ட்டூன்களிலும் எனக்கு மிகவும் பிடித்த நாயகர்கள் நால்வர்: சூப்பர்மேன், பாப்பாய், குத்துச்சண்டை வீரர் ராக்கி, எலியார் ஜெர்ரி. நால்வரும் ஒருபோதும் தோற்றதில்லை, அதனால்தான் பிடிக்கிறது. தோற்றுப்போகிறவர்களை எல்லாம் மாபெரும் நாயகர்கள் என்று விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவது ஏன்? உங்களுக்குப் பிடித்த நாயகர் யார்? வழக்கம்போல் நழுவாமல் பதில் சொல்லவும்.

பதில்: நழுவவில்லை. ஆனால் என் விருப்பத்தைச் சொல்வதற்கு முன் உங்கள் பட்டியலைச் சற்றுச் சரிபார்த்துவிடுவோம். ஏனெனில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் நால்வரில் குறைந்தது இருவர் தோற்றவர்கள்.

1976-இல் வெளிவந்த முதல் ராக்கி படத்தின் இறுதிப் போட்டியில் நடுவர்கள் வெற்றியை அளிப்பது எதிராளியான அப்பல்லோ கிரீடுக்குத்தான். பதினைந்து சுற்றுகளும் முடியும்வரை விழுந்துவிடாமல் நின்றுவிட வேண்டும் என்பதுதான் ராக்கி தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு. அதை அவர் நிறைவேற்றிவிட்டார். தீர்ப்பு அறிவிக்கப்படும்போது அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல், வீங்கி மூடிய கண்களோடு, கூட்டத்தில் தன் காதலியின் பெயரைக் கூவிக்கொண்டிருக்கிறார். அடுத்த பாகத்தில் வென்றவரை நீங்கள் நினைவில் வைத்திருக்கிறீர்கள் போலும். அந்தப் பாகம் எடுக்கப்படுவதற்கே காரணமாக இருந்தவர் இந்தத் தோற்ற ராக்கி.

சூப்பர்மேனின் வரலாறு உங்கள் கட்சிக்கு இன்னும் பாதகமானது. 1938-இல் காமிக்ஸில் அறிமுகமானபோது அவருக்குப் பறக்கத் தெரியாது. ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவுவார், அவ்வளவுதான். வெடிக்கும் பீரங்கிக் குண்டு பாய்ந்தால் அவர் தோலும் கிழியும் என்று முதல் இதழிலேயே அச்சிட்டிருந்தார்கள். பிறகு ஆண்டுதோறும் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பறக்க வைத்தார்கள், சுவரைத் துளைத்துப் பார்க்க வைத்தார்கள், எதனாலும் காயப்படுத்த முடியாதவராக்கினார்கள். விளைவு என்ன? எவராலும் வெல்ல முடியாத ஒருவரை வைத்துக் கதை சொல்ல வழியில்லாமல் போயிற்று. 1943-இல் அவருடைய வானொலித் தொடரில் அவருடைய ஆற்றலைப் பறிக்கும் கிரிப்டோனைட் என்ற பொருள் நுழைந்ததையும், சில ஆண்டுகளில் அது காமிக்ஸுக்குள்ளும் வந்து சேர்ந்ததையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். தங்கள் நாயகரைத் தள்ளாட வைக்க ஒரு பச்சைக் கல்லைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை அவர் கதையை எழுதியவர்களுக்கே ஏற்பட்டது என்றால், தோற்காமை என்பது நாயகரின் தகுதியா, கதாசிரியரின் தலைவலியா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பாப்பாயைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. 1929-இல் ஒரு பழைய சித்திரத்தொடரில் துணைப் பாத்திரமாக வந்து, வாசகர்கள் கேட்டுக் கேட்டுத் தொடரையே தன்வசமாக்கிக்கொண்டவர் அவர். அந்த முதல் கதையில் துப்பாக்கிக் குண்டுகளிலிருந்து அவரைப் பிழைக்க வைத்தது, அவருக்கு வலிமை தரும் கீரை அன்று. ஓர் அதிசயக் கோழியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்ததால் பிழைத்தார். கீரை டப்பா பின்னால் வந்தது. அதைத் திறந்த பிறகு நடப்பது எல்லாப் படங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், அதற்கு முன்னால் வாங்கும் அடியில்தான் அவருடைய பெருமை முழுவதும் இருக்கிறது என்பேன்.

இனி விமர்சகர்களைப் பற்றி. அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2003-இல் தன் நாட்டுப் படங்களின் தலைசிறந்த நாயகர்களை வரிசைப்படுத்தியபோது, இண்டியானா ஜோன்ஸையும் ஜேம்ஸ் பாண்டையும் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பெற்றவர் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ படத்தில் வரும் அட்டிகஸ் ஃபின்ச் என்ற வழக்கறிஞர். செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிறுத்தப்பட்ட ஒரு கறுப்பினத்தவருக்காக வாதாடி, அந்த வழக்கில் தோற்றுப்போனவர். தீர்ப்புக்குப் பிறகு கீழ்த்தளம் காலியாகிவிட, மாடத்தில் அமர்ந்திருந்த கறுப்பின மக்கள் மட்டும் அவர் வெளியேறும்வரை ஒருவர்பின் ஒருவராக எழுந்து நிற்கிறார்கள். தாள்களை அடுக்கிக்கொண்டு நடக்கும் அவர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. அவர் வென்றிருந்தால் அது ஒரு திறமையான வழக்கறிஞரின் கதையாக இருந்திருக்கும்.

எனக்குப் பிடித்தவர் யார் என்று கேட்டீர்கள். அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) படத்தில் எழுவருக்குத் தலைவராக வரும் கம்பெய். படத்தில் அவர் அறிமுகமாகும் காட்சியில் வாள்வீச்சு கிடையாது. குழந்தை ஒன்றைப் பிடித்துக்கொண்டு திருடன் ஒருவன் குடிசைக்குள் பதுங்கியிருக்கிறான். வெளியே ஊரே கூடி நிற்க, இவர் ஓடைக்கரையில் அமர்ந்து தம் குடுமியை அறுத்துவிட்டு, ஒரு துறவியிடம் தலையை மழிக்கக் கொடுத்திருக்கிறார். ஒரு சாமுராய்க்குக் குடுமி என்பது மானம். அதை இழப்பது பெரும் இழிவு. கூடியிருப்பவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. பிறகு அந்தத் துறவியிடமிருந்து அங்கியை இரவல் வாங்கி அணிந்துகொண்டு, இரண்டு சோற்று உருண்டைகளோடு குடிசையை நெருங்கி, திருடனுக்கும் குழந்தைக்கும் உணவு கொண்டுவந்த துறவியாகப் பேசி, அவன் அசந்த கணத்தில் உள்ளே பாய்கிறார். குழந்தை பிழைக்கிறது. இதற்காக அவருக்கு யாரும் ஒரு காசு கொடுப்பதில்லை, அவரும் எதிர்பார்ப்பதில்லை. மொட்டைத் தலையைத் தடவியபடி நடந்து போய்விடுகிறார். படம் முழுவதும் அந்தக் கை அடிக்கடி தலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

தம் மானத்தைத் தாமே கத்தியால் அறுத்தெறிய ஒருவருக்கு முடிகிறது என்று காட்டிய பிறகு, கொள்ளையர்களை அவர் வெல்வாரா என்ற கேள்வி எனக்கு இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. கிராமம் காப்பாற்றப்படுகிறது, எழுவரில் நால்வர் இறக்கிறார்கள், நால்வருமே வாளால் அல்ல, துப்பாக்கிக் குண்டால். நாற்று நடும் பாட்டு கேட்டுக்கொண்டிருக்க, வென்றவர்கள் விவசாயிகள்தாம், நாமல்ல என்கிறார் கம்பெய். விமர்சகர்கள் இதைக் கொண்டாடுவதில் எனக்கு வியப்பில்லை.

கார்ட்டூனிலிருந்தும் ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால், 1999-இல் வந்து, திரையரங்குகளில் கூட்டமில்லாமல் போன ‘தி அயர்ன் ஜயண்ட்’ படத்தின் இரும்பு மனிதரைச் சொல்வேன். வானிலிருந்து விழுந்த அந்தப் பிரம்மாண்ட இயந்திரத்தின் உடலெங்கும் ஆயுதங்கள் மறைந்திருக்கின்றன. சிறுவன் ஒருவன் அதற்குக் காமிக்ஸ் புத்தகங்களைக் காட்டுகிறான். அட்டைப் படங்களில் அழிவு செய்யும் ரோபோ ஒன்றும் இருக்கிறது, உங்கள் சூப்பர்மேனும் இருக்கிறார். தான் யாராக இருப்பது என்பதை அந்த இயந்திரம் தேர்ந்துகொள்கிறது. ஊரை அழிக்கவிருக்கும் ஏவுகணையை நோக்கித் தனியே பறக்கும்போது, அதன் வாயிலிருந்து வரும் கடைசிச் சொல் சூப்பர்மேன் என்பதுதான். சிதறிய பாகங்கள் மறுபடி ஒன்றுசேரத் தொடங்குவதாகக் காட்டும் இறுதி ஆறுதலைப் படம் தவிர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். குழந்தைகளுக்கான படம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஜெர்ரி மிச்சமிருக்கிறார். 1944-இல் வந்த குறும்படம் ஒன்றில், எந்த உயிருக்கும், ஓர் எலிக்குக்கூடத் தீங்கு செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு, ஜெர்ரியைத் துரத்தும் பூனையான டாமுக்குப் பத்து லட்சம் டாலர் சொத்து வந்து சேர்கிறது. அந்த நிபந்தனையைக் கேடயமாக்கிக்கொண்டு ஜெர்ரி செய்யும் அட்டூழியங்கள் கொஞ்சமல்ல. கடைசியில் டாம் பொறுமையிழந்து, பணம் போனாலும் போகட்டும் என்று ஜெர்ரியைப் புரட்டி எடுத்துவிட்டு, தனக்கு மகிழ்ச்சி என்றும் அறிவிக்கிறார். உங்கள் நான்காவது நாயகர் தோற்றது அங்கே. கையிலிருந்த பத்து லட்சத்தைத் தெரிந்தே இழந்த டாமுக்கு என் பட்டியலில் இடம் கொடுத்திருப்பேன். எலியை அடிப்பதற்காக இழந்தார் என்பதுதான் இடிக்கிறது.