டூலா ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரிமான்ட்டில் இருக்கிறோம். மனைவிக்கு இது 26-வது வாரம். மெடி-கால் (கலிபோர்னியா மாநிலத்தின் அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கிறது. கிளினிக்கில் ‘டூலா ஆய்வு’ (டூலா என்றால் பிரசவத்தின்போது கூடவே இருந்து உதவும் துணை) ஒன்றில் சேரச் சொல்லி 14 பக்கப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். குலுக்கலில் பாதிப் பேருக்குத்தான் டூலாவாம். இல்லாத பக்கம் விழுந்துவிட்டால்? மனைவிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

பதில்: இல்லாத பக்கம் விழுந்தாலும் உங்கள் மனைவிக்கு டூலா கிடைக்கும். 2023 ஜனவரி 1 முதல் மெடி-காலே அந்தச் செலவை ஏற்கிறது. முதல் சந்திப்பு ஒன்று, பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக இன்னும் எட்டு வரை, பிரசவ அறையில் துணை, வீட்டுக்கு வந்தபின் மூன்று மணி நேரச் சந்திப்பு இரண்டு வரை. மருத்துவரிடம் தனியாகச் சீட்டு வாங்கி அலைய வேண்டாம். மாநிலச் சுகாதாரத் துறை எல்லோருக்குமாக ஒரு பொதுப் பரிந்துரையை 2023 நவம்பரிலேயே கொடுத்துவிட்டது. இதைக் கிளினிக்கில் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆய்வுக்கு ஆள் சேர்க்க ஒருவரை நியமிக்க முடிகிறது, இருக்கிற உரிமையைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆய்வில் சேர்ந்ததால் மெடி-கால் உரிமை போகாது. ஆனால் இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சில ஆய்வுகளில் ‘ஏற்கெனவே டூலா ஏற்பாடு செய்தவர்கள் சேர முடியாது’ என்று விதி இருக்கும். அப்படியானால் முதலில் டூலாவைப் பேசி முடித்துவிட்டு, அதை மறைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். மாறாக, சேர்ந்து, டூலா இல்லாத குழுவில் விழுந்து, அதன்பின் மெடி-கால் வழியாக ஒருவரை வைத்துக்கொண்டால் அது ஏமாற்று அல்ல. ஆய்வாளரிடம் சொல்லிவிடுங்கள், போதும். இத்தகைய ஆய்வுகளில் குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அந்தக் கணக்கிலேயே கடைசிவரை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவைப் பார்ப்பார்கள். நீங்கள் சொன்னால் அவர்களுடைய கணக்கு நேராகும், சொல்லாவிட்டால் கெட்டுப்போகும். ‘குழு தெரிந்தபின் நாங்களே டூலா வைத்துக்கொண்டால் என்ன ஆகும்?’ என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பாமல் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

எதற்குக் குலுக்கல் என்று தோன்றலாம். விரும்பியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் ஆங்கிலம் தெரிந்தவர்கள், நேரம் இருப்பவர்கள், பணம் உள்ளவர்கள்தான் முதலில் வருவார்கள். அவர்களுக்குப் பிரசவம் நன்றாக நடந்தால் அதற்குக் காரணம் டூலாவா வசதியா என்று பிரிக்க முடியாது. பல நாடுகளின் 26 ஆய்வுகளை, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தகவல்களை, சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) தொகுப்பில் பிரசவம் முழுக்கக் கூடவே துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. வலி நேரமும் சராசரியாக முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கியது. டூலா மருத்துவம் பார்ப்பதில்லை, ரத்த அழுத்தம்கூட அளப்பதில்லை. முதுகைத் தேய்ப்பது, நிலை மாற்றிக்கொள்ளச் சொல்வது, டாக்டர் சொன்னதைப் புரியவைப்பது, இவ்வளவுதான் வேலை.

அடுத்தது மொழி. எனக்குப் பெரிய எரிச்சல் இதில்தான். அமெரிக்காவில் 2023-இல் ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கறுப்பினத் தாய்மார் மரணம் 50.3, வெள்ளையினத்தவரில் 14.5. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் என்று சொல்லி, இத்தகைய ஆய்வுகளைச் ‘சமத்துவ ஆய்வு’ என்கிறார்கள். ஆனால் படிவம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டும் இருந்தால், அந்த இரண்டும் தெரியாதவள் வாசலிலேயே நின்றுவிடுகிறாள். தமிழ்ப் பெண்ணை ‘ஆசியர்’ என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டு, சமத்துவம் அளந்தாயிற்று என்கிறார்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி ஒப்புதல் தகவல் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். நீளப் படிவத்தின் தமிழாக்கம் தயாராக இல்லையென்றால், தமிழில் ஒரு குறும்படிவம் கொடுத்து, வாய்மொழியாக முழுதும் விளக்கி, ஒரு சாட்சியை வைத்துக் கையெழுத்து வாங்க விதியில் இடம் இருக்கிறது. ஆகவே ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று கேளுங்கள். நீங்களே மொழிபெயர்க்க உட்காராதீர்கள். பங்கேற்கப் போவது உங்கள் மனைவி. வீட்டு ஆண் எதிரே இருக்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்வது பல பெண்களுக்கு எளிதல்ல. பிரசவ வலி தொடங்கியபின் யாராவது படிவம் நீட்டினால் தொடவே தொடாதீர்கள்.

படிவத்தில் எல்லாவற்றையும் வாசிக்கத் தெம்பு இல்லாவிட்டால் முதல் பக்கச் சுருக்கத்தையும் தொடர்பு எண்கள் உள்ள பக்கத்தையும் மட்டும் பாருங்கள். மறுத்தாலோ பாதியில் விலகினாலோ சிகிச்சை குறையாது என்று எழுதியிருக்க வேண்டும். விலகும்வரை சேர்த்த தகவலை அவர்கள் வைத்துக்கொள்வது வழக்கம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். குலுக்கல் ஆய்வு என்றால் பதிவு எண் கேளுங்கள்: என்.சி.டி. என்ற எழுத்துகளும் எட்டு இலக்கங்களும். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவுத் தளத்தில் அந்த எண்ணை இட்டால் ஆய்வு வரும்.

கடைசியாக, இடைத்தரகர்கள். ‘இலவச டூலா ஆய்வு’ என்ற பெயரில் கைப்பேசியில் வரும் படிவங்களில் பல, பிரசவத் தேதியையும் முகவரியையும் வாங்கித் தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு விற்பவருக்கோ டூலா பயிற்சி வகுப்பு விற்பவருக்கோ கொடுப்பதற்குத்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நேர்மையான ஆய்வு உங்களிடம் பணம் கேட்காது, கிரெடிட் கார்டு எண்ணும் கேட்காது. ‘மெடி-கால் கொடுப்பது போதாது, கையில் முன்பணம் கொடுங்கள்’ என்று மெடி-காலில் பதிவான டூலா கேட்டால் அது விதிமீறல். காப்பீடு ஏற்கும் சேவைக்கு உறுப்பினரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. உங்கள் மெடி-கால் திட்டத்தின் உறுப்பினர் சேவை எண்ணை அழைத்து, பதிவான டூலாக்களின் பட்டியலைக் கேளுங்கள். 30-வது வாரத்துக்குள் கேட்டால் நல்லது. கடைசி வாரங்களில் பட்டியலில் உள்ளவர்கள் எல்லாம் நிரம்பிவிடுவார்கள். தமிழ் பேசும் டூலா கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் அறையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மருத்துவமனையிடம் தனியாகச் சொல்லி, அதை மருத்துவக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.